படகைக் காக்கும் துத்தநாகம்

அந்தமான் தீவுகளைச் சுற்றிலும் கடல். அங்கே மீனவர் குடும்பங்கள் படகை நம்பி வாழ்கின்றன. சிறிய மரப்படகை அங்கே டுங்கி என்பார்கள். அதில் டீசல் எஞ்சின் இருக்கும். எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு பின்புறம் போகும். தண்டின் முனையில் வெண்கல விசிறி சுழலும். விசிறி தண்ணீரைத் தள்ளும். படகு ஓடும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தீவுகளில் ஏராளமான படகுகள் சேதமடைந்தன. புதுப் படகு வாங்கப் பெரும் பணம் வேண்டும். அதனால் பழைய படகைச் செப்பனிட்டு ஓட்டுவது வழக்கம்.

செப்பனிடுபவர் மரத்தைத் தட்டிப் பார்ப்பார். எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். தண்ணீருக்கு அடியில் இருக்கும் உலோகத்தைப் பார்க்க மறந்துவிடலாம். நடுக்கடலில் தண்டு முறிந்தால் என்ன ஆகும்? படகு அலையின் போக்கில் போகும். ஆளுக்கும் ஆபத்து.

உலோகம் ஏன் அரிகிறது?

டார்ச் லைட்டில் போடும் சாதாரண செல்லைப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் தகட்டுக் கூடு துத்தநாகத்தால் ஆனது. துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் வருகிறது. விளக்கு எரிகிறது. பழைய செல்லில் தகடு ஓட்டையாகி நீர் கசியும்.

படகின் அடியிலும் இதுதான் நடக்கிறது. இரும்பும் வெண்கலமும் ஒன்றையொன்று தொடுகின்றன. சுற்றிலும் உப்பு நீர் இருக்கிறது. உடனே அது ஒரு செல் போல் ஆகிவிடுகிறது. இரும்பு வேகமாக அரிகிறது.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. இரும்பின் மேல் ஒரு துத்தநாகக் கட்டியை மாட்ட வேண்டும். கடையில் இதை ஜிங்க் என்பார்கள். கடல்நீரில் இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் கரையும். அது தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். காவல்காரன் அடியைத் தான் வாங்கிக்கொண்டு வீட்டைக் காப்பது போல.

200 ஆண்டுக்கு முந்திய சோதனை

இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி இருந்தார். அக்காலத்தில் மரக் கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடிப்பார்கள். கடல்நீர் செம்பை அரித்தது. 1824-இல் டேவி, செம்பின் மேல் இரும்பும் துத்தநாகமும் பொருத்திப் பார்த்தார். நம் கொச்சியில் கட்டிய சமராங் என்ற போர்க்கப்பலிலும் இந்தச் சோதனை நடந்தது. செம்பு அரியவில்லை. ஆனால் அதன் மேல் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. செம்பு கரைந்தபோது அவை ஒட்டாமல் இருந்தன. செம்பு கரைவது நின்றதும் ஒட்டிக்கொண்டன.

ஒன்றைக் காக்கும்போது மற்றொன்று கெடாமலும் பார்க்க வேண்டும். மரப்படகுக்கும் இது பொருந்தும். துத்தநாகம் அளவுக்கு மீறினால், உலோகத்தை ஒட்டிய மரம் கெடும். அங்கே வெள்ளை உப்புப் படியும். மரம் நார் நாராகப் பிரியும். அப்படித் தெரிந்தால் துத்தநாகத்தைக் குறைக்க வேண்டும்.

செப்பனிடும்போது செய்ய வேண்டியவை

1. தண்டில் துத்தநாகம் மாட்டும் இடத்தை நன்றாகத் தேய்க்கவும். துருவும் பெயிண்டும் போக வேண்டும். உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

2. துத்தநாகத்தை இறுக்கமாக மாட்டவும். உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் பலன்.

3. துத்தநாகத்தின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் அது வேலை செய்யாது.

4. பாதி கரைந்ததும் புதியதை மாட்டவும். துத்தநாகம் கரைவது குறையல்ல. கரையாமல் புதிதாகவே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

5. தண்ணீருக்கு அடியில் உள்ள பித்தளைத் திருகாணிகளைச் சுரண்டிப் பார்க்கவும். மஞ்சள் நிறம் போய்ச் சிவந்திருந்தால் வலு போய்விட்டது. உடனே மாற்றவும்.

மின்கம்பியில் கவனம்

வீட்டில் எர்த் கம்பியை மண்ணில் புதைக்கிறோம். படகில் மண் இல்லை. சுற்றிலும் உப்பு நீர்தான். கசியும் மின்சாரம் அந்த நீர் வழியே போகும். எந்த உலோகத்திலிருந்து நீருக்குள் இறங்குகிறதோ, அந்த உலோகத்தை அரித்துவிடும். இந்த அரிப்பு மிக வேகமானது. துத்தநாகத்தால் மட்டும் இதைத் தடுக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பி போட வேண்டும். ஒன்று மின்சாரம் போக. மற்றொன்று பேட்டரிக்குத் திரும்பி வர. தண்டையோ எஞ்சினையோ திரும்பும் வழியாக்கக் கூடாது. படகின் அடியில் தேங்கும் நீரில் கம்பி படக் கூடாது. கரைக்கு வந்ததும் பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

துத்தநாகம் மாட்டிய தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது எவ்வளவு கரைந்தது என்று பார்த்து எழுதுங்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பதை உங்கள் நோட்டே சொல்லிவிடும்.

கலந்து பேசுங்கள்

துத்தநாகத்தின் மேல் ஏன் பெயிண்ட் அடிக்கக் கூடாது?

உங்கள் ஊர்ப் படகுகளில் முதலில் அரியும் பாகம் எது? ஏன்?