விதைக் கலனில் சிலிகா ஜெல்: ஊறியதைப் புதுப்பிக்கும் முறை

சொந்தமாக விதை எடுத்து வைக்கும் விவசாயப் பெருமக்கள் பலர் இப்போது விதை டின்னுக்குள் சிலிகா ஜெல் போட்டு வைக்கிறார்கள். இது நல்ல பழக்கம். ஆனால் ஒரு முறை போட்ட ஜெல்லை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் நேரும் இழப்பையும், அதைத் தவிர்க்கும் எளிய வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

எங்கள் விதை ஆய்வுக்கூடத்துக்கு மூத்த விவசாயி ஒருவர் கத்தரி விதை கொண்டு வந்தார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அவர் வீட்டில் காத்து வரும் நாட்டு ரகம் அது. "ஜெல் போட்டுத்தானே வைத்தேன், ஏன் முளைக்கவில்லை?" என்று கேட்டார். முளைப்புச் சோதனையில் நூறு விதைக்கு இருபது கூட முளைக்கவில்லை. டின்னைத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. மூன்று மழைக்காலம் கடந்தும் அதே ஜெல் பை, ஒரு முறை கூடச் சூடேற்றப்படாமல் உள்ளே கிடந்தது.

ஜெல் ஈரத்தை எப்படிப் பிடிக்கிறது?

பஞ்சு நீரை உறிஞ்சுவது வேறு. சிலிகா ஜெல் நீராவியைப் பிடிப்பது வேறு. ஜெல் மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணற்றவை உள்ளன. 1 கிராம் ஜெல்லின் உட்பரப்பு மட்டும் சுமார் 700 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 17 சென்ட் நிலத்தின் அளவு. காற்றிலுள்ள நீராவி இப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதையே பரப்புக் கவர்ச்சி என்பர். ஜெல் கரைவதும் இல்லை, தேய்வதும் இல்லை. இடம் நிரம்பியதும் பிடிப்பது நின்றுவிடும்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுற்றியுள்ள காற்று ஜெல்லைவிட உலர்ந்திருந்தால், ஜெல் தான் பிடித்த ஈரத்தைத் திருப்பி விட்டுவிடும். நன்கு காய்ந்த விதையோடு ஊறிய ஜெல்லை வைத்து மூடினால், ஈரம் ஜெல்லிலிருந்து விதைக்குப் போகும். ஆகவே ஊறிய ஜெல் பயனற்றது மட்டுமன்று, விதைக்குக் கேடும் ஆகும்.

ஈரம் ஏன் இத்தனை முக்கியம்?

விதையின் ஈரப்பதம் 1 சதவிகிதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று அமெரிக்க விதையியல் அறிஞர் ஹாரிங்டன் கூறியுள்ளார். சுமார் 5 முதல் 14 சதவிகித ஈரப்பதம் வரை இது பொருந்தும். இக்கணக்குப்படி 10 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதத்துக்குக் குறைத்தால் ஆயுள் தோராயமாக 16 மடங்காகிறது.

கத்தரி, மிளகாய், தக்காளி, வெங்காயம் ஆகியவற்றின் விதைக்குச் சான்றளிப்பு விதிகளின்படி சாதாரணப் பையில் 8 சதவிகிதம் வரையும், ஆவி புகாத கலனில் 6 சதவிகிதம் வரையும் ஈரப்பதம் இருக்கலாம். வெண்டைக்கு இவ்வளவு முறையே 10, 8 சதவிகிதம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் வெயிலை மட்டும் நம்பி 6 சதவிகிதத்தை எட்டுவது கடினம். அங்குதான் ஜெல் உதவுகிறது.

எவ்வளவு ஜெல் வேண்டும்?

10 சதவிகித ஈரமுள்ள 1 கிலோ விதையை 6 சதவிகிதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 43 கிராம் நீர் வெளியேற வேண்டும். விதை அந்த அளவு உலரும் நிலையில், ஜெல் தன் எடையில் சுமார் 15 சதவிகித நீரைப் பிடிக்கும் என்று கொள்ளலாம். ஆகவே 1 கிலோ விதைக்குக் குறைந்தது 300 கிராம் ஜெல் தேவை. செருப்புப் பெட்டியில் வரும் சிறு பொட்டலங்கள் இரண்டைப் போட்டுவிட்டு விதை காய்ந்துவிடும் என்று எண்ணுதல் தவறு.

இரண்டு பை முறை

2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஆக்ஸிஜன் உற்பத்தி ஆலைகள் அமைக்கப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஜியோலைட் என்னும் நுண்துளை மணிகள் நிரப்பிய இரண்டு கோபுரங்கள் இருக்கும். ஒன்றில் காற்றை அழுத்திச் செலுத்தும்போது நைட்ரஜன் மணிகளில் தங்கிவிட, ஆக்ஸிஜன் வெளியே வரும். மணிகள் நிரம்பியதும் அழுத்தத்தைக் குறைத்து நைட்ரஜனை வெளியேற்றுவார்கள். அதற்குள் மற்றக் கோபுரம் வேலை செய்யும். இப்படி மாறி மாறிப் புதுப்பிக்காவிட்டால், போன காற்றே திரும்பி வரும், ஆக்ஸிஜன் கிடைக்காது.

நம் விதை டின்னுக்கும் இதே முறைதான். அங்கே அழுத்தத்தைக் குறைத்துப் புதுப்பிக்கிறார்கள். நாம் சூடேற்றிப் புதுப்பிக்கிறோம். அவ்வளவே வேறுபாடு. ஆகவே ஜெல்லை இரண்டு துணிப் பைகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டின்னில் இருக்கட்டும். மற்றது காய்ந்து, மூடிய டப்பாவில் தயாராக இருக்கட்டும்.

புதுப்பிக்கும் முறை

1. காய்ந்த ஜெல்லை முதலிலேயே எடை போட்டு, அந்த எடையைப் பையின் மேல் எழுதி வையுங்கள். 300 கிராம் ஜெல் 345 கிராம் ஆகிவிட்டால் அது 45 கிராம் நீரைப் பிடித்துள்ளது. மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

2. ஜெல்லைப் பையிலிருந்து கொட்டி, அகன்ற இரும்புச் சட்டியில் 1 அல்லது 2 செ.மீ. கனத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள். குவியலாக இருந்தால் அடியிலிருந்து கிளம்பும் ஆவி மேலே உள்ள மணிகளில் மீண்டும் தங்கிவிடும்.

3. இளந்தீயில் மெல்லச் சூடேற்றிக் கிளறி வாருங்கள். எடுத்தவுடன் தீயைக் கூட்டினால் மணிகள் வெடித்துத் தூளாகும். மின் அடுப்புப் பெட்டி வைத்திருப்பவர்கள் 120 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 மணி நேரம் வைக்கலாம். கதவைச் சற்றே திறந்து ஆவி வெளியேற வழிவிட வேண்டும்.

4. குளிர்ந்த எவர்சில்வர் தட்டைச் சட்டிக்கு மேல் சிறிது நேரம் பிடித்துப் பாருங்கள். தட்டில் நீர்த்திவலை படியாவிட்டால் ஈரம் பெரும்பாலும் போய்விட்டது. ஆயினும் எடையே உறுதியான சான்று. பழைய எடைக்குத் திரும்பும் வரை சூடேற்றுங்கள்.

5. சூட்டோடு உலர்ந்த தகர டப்பாவில் கொட்டி, இறுக மூடி ஆறவிடுங்கள். திறந்து வைத்து ஆறவிட்டால், பாடுபட்டு வெளியேற்றிய ஈரம் மீண்டும் குடியேறும். சூடான ஜெல்லை விதையோடு வைக்கவே கூடாது. விதையின் உயிர் போய்விடும்.

"வெயிலில் காய வைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். கோடை உச்சி வெயிலில் ஓரளவு ஈரம் போகும், முழுமையாகப் போகாது. ஜெல் அதிகம் தேவைப்படும் மழைக்காலத்திலோ வெயிலே இருக்காது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

நிறம் மாறும் ஜெல்லைச் சிறிதளவு கலந்துகொண்டால் ஊறியது பார்த்தவுடன் தெரியும். நீல நிற ஜெல் ஊறினால் இளஞ்சிவப்பாகும். ஆனால் அதில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் உள்ளது. ஆகவே ஆரஞ்சு நிற ஜெல்லையே வாங்குங்கள். நிறம் மாறும் ஜெல்லை 120 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் நிறம் கெட்டுவிடும்.

ஜெல்லுக்குப் பயன்படுத்திய சட்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். தூளைச் சலித்து நீக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கலன் இறுக மூட வேண்டும். 10 லிட்டர் டின்னுக்குள் இருக்கும் காற்றில், மிஞ்சிப் போனால் 0.3 கிராம் நீராவிதான் இருக்கும். எனவே ஒரு முறை சட்டெனத் திறந்து மூடுவதால் பெரிய கேடில்லை. மூடி சரியாகப் பொருந்தாமல் நாள்தோறும் கசிவதே கேடு. மெல்லிய பாலிதீன் பையும் ஆவியைத் தடுக்காது.

அறுவடை செய்த ஈர விதையை நேரே ஜெல்லோடு வைக்காமல், முதலில் நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்திக்கொள்ளுங்கள். பயறு, அவரை வகைகளை அளவுக்கு மேல் உலர்த்தினால் விதைக்கும்போது வெடிப்பும் முளைப்புக் குறைவும் ஏற்படும். மா, பலா விதைகள் உலர்ந்தால் இறந்துவிடும். அவற்றுக்கு இம்முறை கூடாது.

எப்போது செய்வது?

விதையை டின்னில் அடைத்த முதல் வாரம் எடை பார்த்துப் பையை மாற்றுங்கள். எடை கூடாமல் நிலைத்தபின் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி முடிவதற்குள், எல்லாப் பைகளையும் ஒரு முறை புதுப்பித்துவிடுங்கள். முறையாகச் செய்தால் அதே ஜெல்லைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

முன்பு சொன்ன விவசாயி, முளைத்த சில நாற்றுகளைத் தனியே வளர்த்து மீண்டும் விதை எடுத்துவிட்டார். இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் அதுவும் கிடைத்திராது. கடையில் வாங்கும் விதை கெட்டால் வேறு வாங்கலாம். வீட்டு ரகம் கெட்டால் வாங்க இடமில்லை. எனவே இன்றே உங்கள் விதை டின்னைத் திறந்து, ஜெல் பையை எடை போட்டுப் பாருங்கள்.