காற்றறிந்து புறப்படுதல்

உல்லாசப் பிரயாணத்துக்கு உகந்த காலம் எதுவென்று வினவுவோர்க்கு, இலங்கையைப் பொறுத்தவரை டிசெம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களே பெரும்பாலும் சுட்டிக் காட்டப்படுகின்றன. எஞ்சிய மாதங்களிற் பல 'பருவமல்லாத காலம்' எனத் தள்ளப்படுகின்றன. அக்காலத்தில் விடுதிக் கட்டணம் குறையும். சன நெருக்கமும் குறையும். ஆதலாற் சிக்கனத்தை விரும்புவோர் அதனையே நாடுவர். இதில் தவறொன்றுமில்லை. ஆயினும் எந்த மாதத்திற் போவது என்று கேட்பவர், அம்மாதத்தில் எந்தக் காற்று வீசும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வெப்பவலய நாடுகளில் ஆண்டை வகுப்பது குளிரன்று, மழை. இத்தீவில் அம்மழையைப் பெரிதும் ஆள்வது காற்று.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசுகின்றது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் இக்காற்றை மத்திய மலைநாடு குறுக்கே நின்று தடுக்கின்றது. காற்று மேலெழுந்து குளிர்ந்து, மேற்குச் சரிவுகளிலே மழையைக் கொட்டிவிடுகின்றது. மலையைக் கடந்து மறுபுறம் இறங்கும்போது அது வறண்ட காற்றாகிவிடும். வடக்கே சோளகம் என்றும் கிழக்கே கச்சான் என்றும் மக்கள் வழங்குவது இக்காலத்துக் காற்றையே. மேற்குச் சரிவுகளிற் சில இடங்கள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலான மழையைப் பெற, தென்கிழக்கிலும் வடமேற்கிலும் சில பகுதிகள் 900 மில்லிமீற்றரைக்கூடக் காண்பதில்லை. இவ்வளவு சிறிய தீவில் இத்துணை வேறுபாடு!

தேயிலைத் தோட்டத்தார் இதனை நெடுங்காலமாக அறிவர். ஊவாத் தேயிலையின் மணம் சிறப்பது கச்சான் வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையிலாகும். மேற்கேயுள்ள திம்புள்ளத் தேயிலைக்கோ சனவரி முதல் மார்ச் வரையுள்ள நாட்களே சிறந்தவை. மலை ஒன்றுதான், அதன் இரு பக்கங்களுக்கும் நல்ல காலம் வேறு வேறு.

எனவே யூலை, ஓகத்து மாதங்களிற் பாடசாலை விடுமுறையில் ஐரோப்பாவிலிருந்து வரும் குடும்பங்கள் மழைக்கு அஞ்சவேண்டியதில்லை. தென்மேற்குக் கரையிலே கடல் கொந்தளிக்கும் அந்நாட்களில், திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அறுகம் குடாவில் அலைச் சறுக்கல் விளையாட்டுக்கு அதுவே பருவம். நல்லூர்க் கந்தன் திருவிழாவும் அக்காலத்தில் 25 நாட்கள் நடைபெறும். மின்னேரியாக் குளத்தில் நீர் வற்ற, வெளிப்படும் தரையிலே இளம்புல் முளைக்கின்றது. அதனை மேய யானைகள் நூற்றுக்கணக்கிற் கூடுகின்றன. இக்காட்சியை மாரிகாலத்தில் எத்துணைப் பணம் கொடுத்தும் காண இயலாது.

ஆனால் மலிவென்பதற்காக எவ்விடத்துக்கும் எப்போதும் போய்விடலாம் என்று கொள்வதும் ஆபத்தாகும். சிவனொளிபாதமலை யாத்திரைக்காலம் டிசெம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிகின்றது. அதன்பின் படிவழியின் விளக்குகள் ஏற்றப்படுவதில்லை, கடைகளும் மூடப்படுகின்றன, மழையும் காற்றும் வலுக்கின்றன. அந்த இருளிலே தனித்து ஏறத் துணிவது வீரமன்று. தென்மேற்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடலிற் குளிப்பதும் இத்தகையதே. வெயில் எறிக்கும் நாளிலும் அடிநீரோட்டம் ஆளை இழுத்துச் செல்லக்கூடும். செங்கொடி பறக்குமிடத்தில் இறங்குதல் கூடாது. மேலும், வறட்சி மிகும் செப்டெம்பர், ஒக்டோபர் அளவில் யால வனத்தின் முதன்மைப் பகுதி சில வாரங்கள் மூடப்படுவதுண்டு. விடுதியிற் பாதிப் பணத்தை மிச்சம் பிடித்தவர், பூட்டிய வாயிலைக் கண்டு திரும்புவதால் என்ன இலாபம்?

எல்லாவற்றிலும் கூடிய கவனம் வேண்டுவது ஒக்டோபர், நவம்பர் மாதங்களுக்கே. ஒரு காற்று ஓய்ந்து மறுகாற்று நிலைகொள்ளாத இடைக்காலம் அது. பிற்பகலில் இடிமழை நாடெங்கும் பெய்யக்கூடும். ஆகவே தொலைப்பயணங்களைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நன்று. வங்காள விரிகுடாவிற் சூறாவளிகள் உருவாவதும் இக்காலத்தில் மிகுதி. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடியது அத்தகையதொரு புயலே. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையினால் மலைநாட்டிற் சரிவுகள் பெயர்ந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகைவண்டிப் பாதைகளும் பாலங்களும் சிதைந்தன.

ஆதலால் இம்மாதங்களில் மலைநாடு செல்வோர், கட்டணம் முழுவதையும் முன்கூட்டிச் செலுத்திவிடாது, நாள் மாற்ற இடந்தரும் விடுதியையே தெரிதல் வேண்டும். விமானம் ஏறும் நாளுக்கு முந்திய நாளை மலையிற் கழித்தலாகாது. பாதை தடைப்பட்டால் மாற்றுவழியில் வர ஒரு நாளேனும் தேவைப்படும். புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்கவேண்டும். மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டந்தோறும், பிரிவுதோறும் எச்சரிக்கை விடுக்கின்றது. அதிற் செல்லுமிடத்தின் பெயர் காணப்படின், அறைக்குக் கொடுத்த முற்பணத்தை எண்ணிக்கொண்டிராது, பயணத்தை அன்றே ஒத்திவைத்தல் வேண்டும்.