கேட்கும் முனையும் பேசும் முனையும்

இலக்கணம் கற்பிப்பவனுக்கும் மின்னணுப் பலகைக்கும் யாது உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். சென்ற சனிக்கிழமை வரை நானும் உறவேதும் இல்லையென்றே எண்ணியிருந்தேன்.

என் தம்பியின் மகன் உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் பயில்பவன். மண் வறண்டதும் தானாகவே செடிக்கு நீர் இறைக்கும் பொறியொன்றைப் பாடசாலைக் கண்காட்சிக்கென அமைத்துக்கொண்டிருந்தான். அப்பொறிக்கு மூளையாய் அமைந்தது ‘ஆர்டுயினோ ஊனோ’ என்னும் உள்ளங்கையளவான பலகை. இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரிலே 2005ஆம் ஆண்டளவில் மாணவர் பொருட்டுத் தோன்றிய ஆர்டுயினோ குடும்பத்திலே, ஊனோ 2010இல் வெளிவந்தது. அதிலுள்ள நுண்கட்டுப்படுத்தியினின்றும் 0 முதல் 13 வரை எண்ணிட்ட 14 முனைகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு முனையும் இருதொழில் வல்லது. உள்ளீட்டு முனையாய் நின்று வெளியுலகின் நிலையைக் கேட்கும். வெளியீட்டு முனையாய் நின்று 5 வோல்ற்று அழுத்தத்தை அளித்துப் பேசும்.

கண்காட்சிக்கு இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. பிள்ளை வாடிய முகத்தோடு என்னிடம் வந்தான்.

“பெரியப்பா, எட்டாம் முனையும் செத்துப்போச்சு. ஏழாவது போன கிழமையே செத்தது. இனி இந்தப் பலகையை எறிய வேண்டியதுதான்.”

புதியது வாங்க வீட்டிலே பணம் கேட்பதற்கு அவன் கூசினான் என்பதை அவன் குரலே உணர்த்திற்று.

“செத்தது என்பதற்குச் சான்று யாது, தம்பி?” என்றேன்.

“விளக்கு எரியுதில்லை.”

விளக்கு எரியாமைக்கு முனையின் சாவு ஒன்றுதானா காரணம்? விளக்கு, கம்பி, பலகை, கட்டளை என்னும் நான்கனுள் எதுவும் குற்றமுடையதாகலாம். ஆகவே ஒவ்வொன்றாய் ஆராய்வோம் என்றேன். கைகள் அவனுடையவை, கேள்விகள் மாத்திரமே என்னுடையவை.

முதலிலே, பலகையோடு பிறந்த சிறு விளக்கொன்று 13ஆம் முனையோடு தொடர்புற்றிருக்கிறதாம். அதனை மினுக்குமாறு கட்டளை அனுப்பினான், மினுங்கிற்று. பலகைக்கு உயிருண்டு, கணினியின் சொல்லும் அதன் செவிக்கு எட்டுகின்றது. அடுத்து, எட்டாம் முனையிலிருந்த கம்பியைக் கழற்றி 5 வோல்ற்றுத் துளையிலே செருகினான். ஒளிகாலும் இருவாயி செவ்வனே எரிந்தது. நீண்ட கால் நேர்ப்பக்கமாகவும் குறுங்கால் மறைப்பக்கமாகவும் முறைப்படியே இருந்தன. 220 ஓம் தடையியும் தன்னிடத்தே இருந்தது. ஆகவே விளக்கும் கம்பியும் குற்றமற்றவை.

பின்னர்ப் பல்மானியை எடுத்தான். விளக்கைப் பூட்டாது எட்டாம் முனையை அளந்தபோது ஏறத்தாழ 5 வோல்ற்றுக் காட்டிற்று. விளக்கைப் பூட்டியதும் அது 2 வோல்ற்றிற்கும் கீழே வீழ்ந்தது. செத்த முனைக்கு 5 வோல்ற்று எங்ஙனம் வந்தது? பிள்ளை திகைத்தான். எனக்கு ஓர் எண்ணம் தோன்ற, சன்னலைச் சாத்தி அறையை இருளாக்கினேன். விளக்கைக் குனிந்து நோக்கினோம். சாம்பலுள் மறைந்த தணல்போல, இருக்கின்றதோ இல்லையோ என்னும்படி ஒரு செம்புள்ளி! முனை சாகவில்லை. ஏதோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தது.

எஞ்சியது கட்டளை. கணினித் திரையிலே அவன் எழுதியதை வாசிக்கச் சொன்னேன். “முதல் வரியிலே, இன்ன முனை வெளியீட்டிற்கு உரியது என்று அறிவிக்கின்றோம். அப்பால், அந்த முனையை உயர்த்து, தாழ்த்து என்று ஏவுகின்றோம்” என்றான். அறிவித்த வரியிலே இருந்த எண் 7; ஏவிய வரியிலே இருந்த எண் 8. ஏழாம் முனை பழுதானதும் கம்பியை மாற்றினான், ஏவலை மாற்றினான், அறிவிப்பை மாற்ற மறந்தான். எழுவாய் ஒன்றற்கும் பயனிலை மற்றொன்றற்கும் உரியதாயின் வாக்கியம் வழுப்படும் என்று நாள்தோறும் கற்பிக்கும் எனக்கு, இவ்வழுவைக் காணக் கணினியறிவு வேண்டியிருக்கவில்லை.

காரணத்தை அவனே விளக்கினான். மின்னூட்டியதும் இந்நுண்கட்டுப்படுத்தியின் முனைகள் யாவும் கேட்கும் முனைகளாகவே விழிக்கும். ‘நீ பேசுவாய்’ என்று அறிவியாமல் ‘உயர்’ என்று ஏவினால், உள்ளேயுள்ள 20,000 முதல் 50,000 ஓம் வரையான பெருந்தடையினூடாகவே மின்னோட்டம் கசியும். அது மில்லி அம்பியரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. எண்ணைத் திருத்தியதும் விளக்கிலே ஏறக்குறைய 14 மில்லி அம்பியர் பாய்ந்தது. சன்னலைத் திறந்த பின்னரும் கண் கூசிற்று.

ஏழாம் முனையையும் விடவில்லை. முறைப்படி அறிவித்து, எதனையும் பூட்டாது, உயர்த்தியும் தாழ்த்தியும் அளந்தோம். இரு நிலையிலும் மானி அசையவில்லை. இஃது உண்மையாகவே இறந்தது. எவ்வாறு? நீரிறைக்கும் சிறு மோட்டாரை அதிலே நேரே பூட்டியிருந்தான். ஒரு முனைக்கு 20 மில்லி அம்பியரே தக்க சுமை. 40 என்பது கடத்தலாகா எல்லை. மோட்டாரோ நூற்றுக்கும் மேல் இழுப்பது. சுமக்கமாட்டாததைச் சுமத்தினால் முனை மடியும். மோட்டாருக்கு வேறு மின்வழங்கி அமைத்து, இடையிலே திரான்சிற்றர் ஒன்றையும், நிறுத்தும்போது எழும் எதிரழுத்தம் தாக்காவண்ணம் மோட்டாருக்குக் குறுக்கே இருவாயி ஒன்றையும் இடல்வேண்டுமாம். ஆயினும் ஒரு முனை இறந்தமைக்காகப் பலகை முழுவதையும் எறிவது நீதியன்று. ஏழின்மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளியிட்டான், பலகை பிழைத்தது.

பிள்ளை மகிழ்ந்து சென்றான். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆசிரியத் தொழிலிலே நான் புகுந்த புதிதில், கடைசி வாங்கிலே ஒரு மாணவன் இருந்தான். கேட்டால் விடையில்லை. நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமை கூறிய இல்லிக்குடம் இவனே என்று முடிவு கட்டினேன். ஒருநாள் அவன் பாடசாலையைவிட்டு நின்றுவிட்டான். அவன் விட்டுச்சென்ற அப்பியாசப் புத்தகத்தைப் பிரித்தேன். நான் வகுப்பிலே சொன்ன உரைகள் யாவும், வாசிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டிய மங்கிய பென்சிலால், பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. சில இடங்களில் எனக்குத் தோன்றாத ஐயங்களும் இருந்தன.

அவனை நான் கேட்பதற்கென்றே இருத்தியிருந்தேன். ‘எழுந்து வாசி, இன்று நீ சொல்’ என்று ஒருநாளாயினும் அறிவித்ததில்லை. அறிவியாமலே விடையை மாத்திரம் ஏவினேன். வராதபோது குற்றம் அவனுடையதென்றேன். அறையை இருட்டாக்கிக் குனிந்து நோக்கும் பொறுமை அன்று எனக்கிருக்கவில்லை.

பலகையின் வழுவைத் திருத்த ஓரெண் போதுமாயிருந்தது. அப்புத்தகம் இன்றும் என் அலுமாரியிலே இருக்கின்றது. அதற்குரியவன் எங்குளன் என்பதை அறியேன். திங்கட்கிழமை வகுப்பிலே கடைசி வாங்கிலிருந்து வாசிப்பைத் தொடங்கினேன்.