பழைய மேசை அச்சு இயந்திரம் வாங்கப் போறீங்களா? பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

லெட்டர்பிரஸ்ஸில் அச்சடித்த விசிட்டிங் கார்டு, திருமண அழைப்பிதழுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. கூடவே, மேசை மேல் வைத்துக் கையால் இயக்கும் பழைய குட்டி அச்சு இயந்திரங்களைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்க்கணும்? வாங்கிய பிறகு எதைச் செய்யக் கூடாது?

முதலில், இது அச்சு இயந்திரம்தானா?

மேலே பெரிய திருகு, கீழே இரண்டு தட்டையான இரும்புப் பலகை மட்டும் இருந்தால் உஷார். அது அலுவலகக் கடிதங்களை நகலெடுத்த காப்பியிங் பிரஸ். ஜேம்ஸ் வாட் 1780-ல் காப்புரிமை பெற்ற முறையில் வந்தது. இதையும் அச்சு இயந்திரம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

உண்மையான மேசை பிரஸ்ஸில் வட்டமான மைத்தட்டு, ரோலர்கள், கைப்பிடி இருக்கும். கைப்பிடியை அழுத்தினால் ரோலர்கள் எழுத்துக்கு மை தடவிவிட்டு மேலே போகும், காகிதம் எழுத்தின் மேல் அழுந்தும்.

எந்த மாடல்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

இரும்பிலேயே வார்க்கப்பட்ட பெயரைத் தேடுங்கள். பிரிட்டனில் அதிகம் கிடைப்பது அடானா. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலம் மெரிடன் நகரில் 1872-ல் தொடங்கிய கெல்சி நிறுவனத்தின் எக்செல்சியர். பெயர் தெரியலைன்னா, எழுத்துகளைப் பூட்டும் சட்டமான சேஸின் உள் அளவை எடுங்கள். மாடலை அடையாளம் காண அந்த அளவுதான் முக்கியம். உதாரணமாக, அடானா எய்ட்-ஃபைவ் என்றால் 8-க்கு 5 அங்குலம்.

துருவா, விரிசலா?

துருவுக்குப் பயப்பட வேண்டாம். ரோலர் ரப்பர் கரைந்திருந்தாலும் புதிதாக வார்த்துக்கொள்ளலாம். விரிசல்தான் பெரிய பிரச்சினை. இவை வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வளையாது, உடைந்துவிடும். சாதாரண வெல்டிங் போட்டால் ஒட்டு பெரும்பாலும் நிற்காது, அனுபவமுள்ளவர் பித்தளை வைத்துப் பற்றவைக்கணும். அதனால் கைப்பிடி, இணைப்புக் கைகள், சட்டத்தின் மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸ், ரோலர் முனையில் உள்ள சின்னச் சக்கரங்கள் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எப்படிச் சீரமைப்பது?

* பிரிக்கும் முன் ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுங்கள்.
* இறுகிய திருகுகளில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். பலம் காட்டினால் இரும்பு உடையும்.
* மைத்தட்டு, எழுத்து உட்காரும் பரப்பு இரண்டிலும் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். சமதளம் போனால் அச்சும் போச்சு. எண்ணெயும் மெல்லிய எஃகு நாரும் போதும்.
* பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஈய எழுத்துகளைத் தொட்ட பிறகு கை கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று

காகிதத்தில் ஆழமாகக் குழி விழும் அச்சுதான் இப்போதைய ஃபேஷன். ஆனா, இந்தக் குட்டி இயந்திரங்கள் காகிதத்தை லேசாகத் தொட்டு அச்சடிக்கவே செய்யப்பட்டவை. குழி விழணும்னு கைப்பிடியில் தொங்கினால், பல தலைமுறை தாங்கிய இரும்பு ஒரே மதியத்தில் உடையலாம். ஆழமான அச்சுதான் வேணும்னா, அதைப் பெரிய இயந்திரம் வைத்திருக்கும் அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள்.