ஓவியம் இங்கே கட்டாயப் பாடம்! – ஆப்பிரிக்கப் பள்ளி மாணவர்கள் வரைந்த கறுப்பு இயேசு

பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல்போவது ஓவியப் பீரியட்தான். கணக்கு ஆசிரியரோ, அறிவியல் ஆசிரியரோ அதை வாங்கிக்கொள்வார்கள். ஆனால், எந்த மாணவனும் தப்பிக்க முடியாத கட்டாயப் பாடமாக ஓவியத்தை வைத்திருந்தது ஒரு பள்ளி. அதுவும் 80 ஆண்டுகளுக்கு முன்பு, ஆப்பிரிக்காவில்!

இன்றைய ஜிம்பாப்வேக்கு அப்போது தெற்கு ரொடீசியா என்று பெயர். ஆட்சி வெள்ளையர்கள் கையில். புலவாயோ நகருக்கு அருகே, மடோபோ குன்றுகளை ஒட்டிய பகுதியில் 1940-ல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது சைரீன் மிஷன் பள்ளி. இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனின் ஊர்ப்பெயர் அது. தமிழ் பைபிளில் ‘சிரேனே’ என்று வரும். அந்த ஊர் இருந்தது ஆப்பிரிக்காவில். பெயரிலேயே ஒரு செய்தி இருந்தது.

பள்ளியைத் தொடங்கியவர் எட்வர்ட் பேட்டர்சன். ஸ்காட்லாந்தில் பிறந்த ஆங்கிலிக்கன் பாதிரியார். லண்டனில் முறையாக ஓவியம் படித்தவர். விவசாயம், தச்சு, கட்டட வேலை ஆகியவற்றோடு ஓவியத்தையும் எல்லா மாணவர்களுக்கும் பாடமாக்கினார்.

காப்பியடிக்கக் கூடாது!

ஐரோப்பிய ஓவியங்களைக் காட்டி, ‘இதைப் பார்த்து வரை’ என்று அவர் சொல்லவில்லை. பசங்க தங்கள் கண்ணால் பார்த்ததை, பாட்டி சொன்ன கதையில் கேட்டதை வரையட்டும் என்று விட்டார். அதனால், காகிதத்தில் ஓர் இடம்கூடக் காலியாக இல்லாமல் உருண்டைப் பாறைகளும் மரங்களும் விலங்குகளும் குடிசைகளும் நிறைந்தன. ஒவ்வோர் இலையையும் தனித்தனியாக எண்ணி வரைந்ததுபோல அத்தனை நுணுக்கம்!

பைபிள் கதைகளும் அந்த மண்ணுக்கே வந்தன. பள்ளியின் சிற்றாலயச் சுவர்களில் மாணவர்கள் தீட்டிய ஓவியங்களில் இயேசு கறுப்பர். அவரைச் சுற்றி இருப்பவர்கள் ஆப்பிரிக்க மக்கள். கறுப்பர்களை இரண்டாம்தரக் குடிமக்களாக நடத்திய நாட்டில், ஒரு பதின்வயதுப் பையன் தன் சாயலில் கடவுளை வரைந்தான் என்றால், அது வெறும் படம் வரைகிற வேலை மட்டுமல்ல.

மாற்றுத்திறனாளி மாணவரான சாமுவேல் சோங்கோ இந்த வகுப்பில்தான் ஓவியரானார். பிறகு அதே பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராகவும் ஆனார். 1947-ல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தினரே நேரில் வந்து பார்க்கும் அளவுக்குப் பள்ளியின் பெயர் பரவியது.

காணாமல்போன படங்கள்

அந்தப் புகழே ஒரு வகையில் வினையாகவும் முடிந்தது. மாணவர்களின் ஓவியங்கள் கண்காட்சிக்காகக் கடல் கடந்து லண்டன் போயின. அவற்றில் பெரும்பகுதி ஊர் திரும்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து, லண்டன் ஷோர்டிச் பகுதியில் வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தில் கிடந்தது தெரியவந்தது. 2020-ல் லண்டனில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். அதன்பின், 2022-ல்தான் ஜிம்பாப்வே மக்கள் தங்கள் மண்ணில் அவற்றைப் பார்க்க முடிந்தது.

1947-ல் 15 வயதில் வரைந்த பையன் உயிரோடு இருந்தால், அப்போது அவருக்கு 90 வயது! தங்கள் படம் வீடு திரும்பியதைப் பார்க்காமலே போனவர்கள் எத்தனை பேரோ. ஆனால், பேரப்பிள்ளைகள் பார்க்க அந்தக் குன்றுகளும் மரங்களும் வண்ணத்தில் மிஞ்சியிருக்கின்றன.

பேட்டர்சன் செய்ததில் பெரிய செலவு எதுவும் இல்லை. தாளும் வண்ணமும் கொடுத்தார், நேரம் ஒதுக்கினார், ‘உன் ஊரை வரை’ என்றார். உங்கள் வீட்டுப் பிள்ளை வரைந்த படத்தில் வீடு சின்னதாகவும் மாமரம் பெரிதாகவும் இருந்தால், அழிரப்பரை நீட்டாதீர்கள். ஏன் அப்படி வரைந்தாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நல்ல கதை ஒன்று கிடைக்கும்!