உடைந்த பவளத்துக்கு உயிர் வருமா?

கோல சிலாங்கூர் கடற்கரையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் உயிருள்ள பவளப்பாறை உங்கள் கண்ணில் படாது. சிலாங்கூர் ஆறு கொண்டுவரும் வண்டல் அங்கே கடல்நீரைக் கலக்கிவிடுகிறது. சதுப்புநிலக் காட்டுக்கு அந்தச் சேறு வேண்டும். பவளத்துக்கோ வெளிச்சம் வேண்டும். ஆனால் மீன் கடையிலோ உறவினர் வீட்டிலோ உப்புநீர்த் தொட்டியில் பவளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கழுவும்போது கை பட்டு ஒரு கிளை முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குப்பையில் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பவளம் பார்ப்பதற்குக் கல் போல இருந்தாலும் அது ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு அது. உள்ளே இருப்பது கால்சியம் கார்பனேட்டால் ஆன எலும்புக்கூடு. அதன்மேல் மெல்லிய தோல்போல் படர்ந்திருக்கும் சதைதான் உயிர். தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பட்டையை மெல்லச் சீவினால் அது மீண்டும் வளரும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் அந்த இடம் புண்ணாகிவிடும். பவளத்திலும் விளிம்பில் மிஞ்சிய சதைதான் நகர்ந்து வந்து காயத்தை மூடுகிறது. ஒரு குடியிருப்பின் பாலிப்புகள் எல்லாம் ஒரே மரபணு கொண்டவை. ஆகவே மரவள்ளிக் குச்சியை நட்டால் முழுச்செடி வருவதுபோல, சிறு துண்டிலிருந்தும் முழுப் பவளம் வளர முடியும்.

இதில் ஒரு போட்டி இருக்கிறது. சதை போன இடத்தில் எலும்புக்கூடு வெறுமையாக நிற்கும். அங்கே பாசி முதலில் குடியேறிவிட்டால் சதை படர இடமில்லை. அதனால்தான் வளர்ப்பவர்கள் செத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அயோடின் கலந்த தொட்டி நீரில் துண்டைச் சில நிமிடங்கள் முக்குகிறார்கள். பிறகு கூழ்வடிவ சூப்பர் குளூவால் ஒரு சிறு கல்லில் ஒட்டுகிறார்கள். துண்டு ஆடாமல் இருக்க வேண்டும். ஆடினால் புதிதாக வளரும் சதை உராய்ந்து கிழியும். விளக்கின் நேர் வெளிச்சத்தில் வைக்காமல், நீர் மிதமாக ஓடும் இடத்தில் வைப்பார்கள். ஓடும் நீர் அழுக்கையும் கோழையையும் அகற்றிவிடும்.

நம் ஊரில் பெரிய தலைவலி வெப்பம். தொட்டிப் பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வசதியானது. பிற்பகலில் நம் வீட்டுக்குள்ளேயே 30-ஐத் தாண்டும். பவளச் சதைக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை தருகின்றன. சூடு கூடினால் பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். காயம்பட்ட துண்டுக்கு இது பசியோடு நோயும் சேர்ந்ததுபோல. சிலர் நீரின்மேல் மின்விசிறியை ஓடவிடுகிறார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது என்பது நீங்கள் படித்ததுதான். ஆனால் நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு ஆகாது! ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரைத் தினமும் ஊற்றாவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். குழாய் நீரை அப்படியே ஊற்றக்கூடாது; அதில் குளோரின் உண்டு. எண் சற்று முன்பின் இருந்தாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும். நாளுக்கு நாள் மாறுவதைத்தான் அதனால் தாங்க முடியாது.

உடைந்த துண்டு விஞ்ஞானத்தையே திருப்பிவிட்ட கதையும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில், மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன் என்ற ஆய்வாளர் தொட்டியிலிருந்து ஒரு பவளத்தை எடுத்தபோது அது உடைந்து, சில பாலிப்புகள் மட்டும் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. செத்துவிடும் என்றுதான் அவர் நினைத்தார். அவையோ வழக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமாக வளர்ந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் பவளத்தைப் பொடிப்பொடித் துண்டுகளாக்கி வளர்க்கும் முறை. ஒரே தாயிடமிருந்து வந்த துண்டுகளை அருகருகே வைத்தால், அவை வளர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன.

தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவில் இதே வேலை கடலுக்குள் நடக்கிறது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில், அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. 2001-இல் பவளம் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் உயிருள்ள துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் வைத்து வளர்த்து வருகிறது. 2016-இல் கடல் சூடேறி அங்கும் பவளங்கள் வெளுத்தன. தொட்டிக்கு விசிறி வைக்கலாம். கடலுக்கு வைக்க முடியாது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். பாலித்தோவா போன்ற சில பவள உறவினங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல், பெரியவர்கள் உடன் இல்லாமல் எந்தத் துண்டையும் வெட்டாதீர்கள். அவை ஒட்டியிருந்த கல்லைச் சுடுநீரில் போடவே கூடாது. இன்னொன்று, தியோமானுக்கோ ரெடாங்குக்கோ பள்ளிச் சுற்றுலா போனால், அவை கடல் பூங்காக்கள் என்பதை மறவாதீர்கள். அங்கே பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம், அது உடைந்து கிடந்தாலும் சரி. அந்தத் துண்டு அங்கேயே ஒட்டி வளரக்கூடும்.