'நேச்சுரல்' என்றால் நல்லது என்று அர்த்தமா?

தமிழ்ப் பேச்சில் குடியேறிவிட்ட ஆங்கிலப் பெயரடைகளில் 'நேச்சுரல்' என்பதற்குக் கிடைத்த மரியாதை வேறு எதற்கும் கிடைக்கவில்லை. மிகையில்லாமல் நடிக்கும் நடிகரை 'நேச்சுரலா பண்றார்' என்று பாராட்டுகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேன், பழச்சாறு, சோப்பு, தலைச்சாயம், குழந்தைகளுக்கான இருமல் மருந்து ஆகியவற்றின் அட்டைகளில் அது ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டிய சொல்லை, அது உடம்புக்கு நல்லது என்ற உத்தரவாதமாக நாம் படித்துக்கொள்கிறோம். இவை இரண்டும் வேறுவேறு கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதால் பணம் போகிறது. சில நேரங்களில் உடல்நலமும் போகிறது.

ஆங்கிலத்திலேயே இந்தப் பெயரடைக்குத் தனித்து நிற்கும் பொருள் கிடையாது. பிறப்பைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. அதன் பொருளை ஒவ்வொரு இடத்திலும் எதிரே நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது. 'நேச்சுரல் டெத்' என்றால் கொலையோ விபத்தோ தற்கொலையோ இல்லை என்று பொருள். 'நேச்சுரல் கேஸ்' நிலத்தடியில் கிடைப்பது. அந்தப் பெயர், நிலக்கரியிலிருந்து காய்ச்சி எடுத்த வாயுவிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. பழைய ஆங்கிலக் குடும்ப ஆவணங்களில் 'நேச்சுரல் சன்' என்றால் திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன். 1687இல் வெளிவந்த நியூட்டனின் புகழ்பெற்ற நூலின் தலைப்பில் வரும் 'நேச்சுரல் ஃபிலாசஃபி' நாம் இன்று இயற்பியல் என்று சொல்லும் துறை. இயற்கை என்பதைவிடக் குழப்பமான சொல் வேறில்லை என்ற கருத்தைத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740ஆம் ஆண்டுவாக்கிலேயே முன்வைத்தார். அற்புதத்துக்கு எதிரானது, அபூர்வத்துக்கு எதிரானது, செயற்கைக்கு எதிரானது என்று அதன் பொருள்களை அவர் பிரித்துக் காட்டினார். இவற்றில் எதற்கும் 'நல்லது' என்ற பொருள் இல்லை. இயற்கை மரணமும் மரணம்தான், இயற்கை வாயுவும் கசிந்தால் வெடிக்கும்.

உணவைப் பொறுத்தவரை இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் உள்ள கோல்சிசின் உயிரைப் பறிக்கும். அதையே அளந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. துவரம்பருப்பைப் போலவே தோன்றும் கேசரிப் பருப்பைத் தொடர்ந்து முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கால்கள் நிரந்தரமாக முடங்கியிருக்கின்றன. அதில் யாரும் எதையும் கலக்கவில்லை, நஞ்சு அந்தப் பருப்பிலேயே விளைகிறது. ஈரம் தங்கிய நிலக்கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. அதற்கும் எந்தத் தொழிற்சாலையும் தேவையில்லை. மறுபக்கம் வைட்டமின் சி இருக்கிறது. 1933இல் அதை ஆய்வகத்தில் தயாரித்தார்கள். நெல்லிக்காயில் இருக்கும் அஸ்கார்பிக் அமிலமும் மாத்திரையில் இருப்பதும் மூலக்கூறு அளவில் ஒன்றேதான். மாத்திரையைவிட நெல்லிக்காய் நல்லது என்று சொல்ல எனக்கும் தயக்கமில்லை. அதற்குக் காரணம் நார்ச்சத்தும் கூடவே வரும் மற்றச் சத்துகளும். காரணத்தைச் சொல்ல முடிகிறபோது அந்தப் பெயரடைக்கு வேலையில்லை.

'நம் முன்னோர்கள் இயற்கையை நம்பித்தானே நோயில்லாமல் வாழ்ந்தார்கள்?' என்ற மறுப்பை அடிக்கடி கேட்கிறோம். அவர்கள் நோயில்லாமல் வாழ்ந்தார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் இயற்கையை அப்படியே நம்பினார்கள் என்பதுதான் உண்மைக்குப் புறம்பானது. மரவள்ளிக்கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. அதனால்தான் தோலைச் சீவி, நறுக்கி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. சேராங்கொட்டையின் பால் பட்ட இடம் கொப்பளித்துப்போகும். சித்த மருத்துவர் அதை மருந்தில் சேர்க்கும் முன் நச்சை நீக்கும் 'சுத்தி' செய்தாகவேண்டும். எதற்கு எந்தச் சுத்தி என்று தனித்தனி முறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். மூலிகை என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று சித்த மரபு ஒருபோதும் சொல்லவில்லை. எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எப்படிப் பக்குவம் செய்வது, எதோடு சேர்க்கக்கூடாது என்றெல்லாம் அவர்கள் கேட்டார்கள். மரபை மதிக்கிறவர்கள் அந்தக் கேள்விகளைத்தான் கையில் எடுக்கவேண்டும். விளம்பரங்கள் மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்தக் கேள்விகளை விழுங்கிவிடுகின்றன.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் வெளியிட்ட விளம்பர ஒழுங்குமுறைகளின்படி, இந்தியாவில் 'நேச்சுரல்' என்று சொல்லிக்கொள்ள உரிமை, எதுவும் சேர்க்காத தனி உணவுக்கே உண்டு. பல பொருள்களைக் கலந்து செய்த உணவை அப்படி அழைக்கக்கூடாது. கலந்தவை எல்லாமே அந்த வரையறைக்குள் வந்தால், இயற்கையான பொருள்களால் ஆனது என்று மட்டும் சொல்லலாம். வணிகப் பெயரிலேயே இந்த மாதிரிச் சொல் இருந்து அது ஏமாற்றக்கூடும் என்றால், 'இது வெறும் வணிகப் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல' என்று அட்டையில் குறைந்தது 3 மில்லிமீட்டர் உயர எழுத்தில் போடவேண்டும். அமெரிக்காவில் நிலைமை இதைவிட மோசம். அங்கே உணவு மருந்து நிர்வாகம் 1993இல் தன் கொள்கை இன்னது என்று அறிவித்ததோடு நிறுத்திக்கொண்டது. 2015இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள், அதற்குப் பிறகும் முறையான வரையறை வரவில்லை. நம்மிடம் விதி இருக்கிறது. ஆனால் 3 மில்லிமீட்டர் எழுத்து, முகப்பில் பளபளக்கும் மாம்பழப் படத்தோடு எப்படிப் போட்டி போடும்?

ஒரு மாம்பழ பானத்தின் டெட்ரா பேக்கைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் வெட்டிய பழம், பச்சை இலை, பனித்துளி. பின்பக்கப் பட்டியலில் பெரும்பாலும் முதலில் தண்ணீர், பிறகு மாம்பழக்கூழ், சர்க்கரை, ஐ.என்.எஸ். 330, ஐ.என்.எஸ். 300, கடைசியில் 'நேச்சர் ஐடென்டிகல்' மணமூட்டி என்று வரும். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதவேண்டும் என்பது விதி. 330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் இருப்பதே அது, ஆனால் ஒரு நூற்றாண்டாக அதைப் பெரும்பாலும் பூஞ்சையை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். 300 என்பது மேலே சொன்ன அஸ்கார்பிக் அமிலம். இரண்டுமே பயப்படவேண்டியவை அல்ல. கடைசியில் வரும் மணமூட்டி, இயற்கையில் உள்ள அதே மூலக்கூறை ஆலையில் செய்தது. எண்ணைப் பார்த்து மிரள்கிற நாம், இரண்டாவது மூன்றாவது இடத்தில் நிற்கும் சர்க்கரையைக் கடந்து போய்விடுகிறோம். கரும்பிலிருந்து வந்த அந்தச் சர்க்கரையை 'இயற்கை' என்று சொன்னாலும் நீரிழிவுக்காரரின் ரத்தத்தில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளாது.

முன்னோர்களைக் காட்டும் மறுப்பைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெல்லத்தை வெளுக்கச் சேர்க்கும் ஹைட்ரோஸ், கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம், காய்கறியில் தங்கும் பூச்சிமருந்து என்று அடிபட்டே இந்தச் சொல்லை மக்கள் பற்றிக்கொண்டார்கள், அதைப் பறிக்கலாமா என்பது. அந்தக் கோபம் நியாயமானது. இயற்கை விவசாயச் செயற்பாட்டாளர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியது அந்தக் கோபத்தைத்தான். ஆனால் அவர் பேசிய இயற்கை விவசாயம் விதை, உரம், பூச்சிக் கட்டுப்பாடு, மண் என ஒவ்வொன்றிலும் இன்னது செய், இன்னது செய்யாதே என்று சொல்லும் நடைமுறை. வயலுக்குப் போய் அதைச் சரிபார்க்கலாம். 'ஆர்கானிக்' என்று விற்கும் உணவுக்கும் 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி சான்றிதழ் வேண்டும். அட்டையில் 'ஜைவிக் பாரத்' முத்திரையைத் தேடலாம், சான்றளித்தவர் யார் என்று பார்க்கலாம். ஷாம்பு பாட்டிலில் ஒட்டியிருக்கும் 'நேச்சுரல்' என்ற சொல்லைச் சரிபார்க்கப் போவதற்கு அப்படி ஒரு வயல் இல்லை. ஹைட்ரோஸ் போட்ட வெல்லத்தை எதிர்ப்பவர் கேட்கவேண்டியது 'இதில் என்ன சேர்த்தீர்கள்?' என்பதை. கடைக்காரர் அதற்கு 'எல்லாம் நேச்சுரல்தாங்க' என்றால், கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, மறுபடியும் கேட்கலாம்.